நிறுவியாயிற்று, காணவில்லை

நிறுவியாயிற்று என்று திரை சொன்னது. அதற்குக் கொஞ்சம் கீழே, அப்படி ஒரு சாமானே இங்கு இல்லை என்றும் அதே திரைதான் சொன்னது. தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். மேலே, பாண்டாஸ் வெற்றிகரமாக நிறுவப்பட்டது. கீழே சிவப்பில், பாண்டாஸ் என்ற பெயரில் எதுவும் இல்லை. காலையிலிருந்து இதே இரண்டு வரிதான். மனிதன் ஒருவன் இப்படி மாற்றி மாற்றிப் பேசினால் போடா பொய்யா என்று எழுந்து போய்விடலாம். எந்திரத்தை அப்படி விட முடியாது. எந்திரம் பொய் சொல்லாது என்பதை நம்பித்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறார். மேலே சொன்னதும் நிஜம், கீழே சொன்னதும் நிஜம் என்றால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. நடந்ததைத் தான் பார்க்கவில்லை. பார்க்கவில்லையா, இல்லை பார்த்துவிட்டு... அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்ட வாக்கியம் காதோரத்தில் கொசு மாதிரி சுற்றியது. ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வெயிலில் தகரத்தகடு போல் கிடந்தது. ஏசி அவர் பிடரியில் மட்டும் அடித்தது. மற்றவர்களுக்கெல்லாம் எங்கே அடிக்கிறதோ.

விஷயம் பெரியதல்ல, அதுதான் எரிச்சல். ரத்த வங்கிகளுக்கு நடுவே எந்த வகை ரத்தம் எங்கே இருக்கிறது, எது சீக்கிரம் கெட்டுப்போகும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற ஒரு பைதான் நிரல். அவரே எழுதியது. அவருடைய மடிக்கணினியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. இப்போது அதை ஒரு கண்டெய்னருக்குள் அடைக்க வேண்டும், அதாவது நிரலையும் அதற்கு வேண்டிய சகல சாமான்களையும் ஒரு பெட்டியில் போட்டு மூடிவிட வேண்டும், பெட்டியை எந்த எந்திரத்தில் கொண்டுபோய் வைத்தாலும் உள்ளே இருப்பது ஒரே மாதிரி ஓடும். பெட்டிக்குள் பைதானுக்கென்று ஒரு தனி அறை. வென்வ் என்பார்கள். வேண்டிய பேக்கேஜ்களை, அதாவது பாண்டாஸ் மாதிரி யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல் மூட்டைகளை, அந்த அறைக்குள் நிறுவ வேண்டும், வெளியே இருப்பதோடு கலந்துவிடக் கூடாது. அறையைக் கட்டு, சாமானை இறக்கு, நிரலை உள்ளே கொண்டுவா, ஓட்டு. நாலு வரி வேலை. இந்த நாலு வரியில்தான் காலை டிபன் செரித்து, மதியச் சாப்பாடும் செரித்துவிட்டது. இன்று மாலைக்குள் முடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். முடியவில்லை என்றால் நாளைக்குக் கொடுக்கலாம், யாரும் தலையை வாங்கப்போவதில்லை. இது அலுவலகத்துக்குத் தெரிந்த கெடு. அலுவலகத்துக்குத் தெரியாத கெடு ஒன்று இருந்தது. மாலையில் பூரணி ஆட்டோவில் நேராக வாசலுக்கு வந்துவிடுவாள். அங்கிருந்து அடையாறில் ஒரு டாக்டர். நரம்பு டாக்டர் என்று அவள் சொல்கிறாள், மூளை டாக்டர் என்று சொல்லமாட்டாள். வேலை முடியாமல் என்னால் நகர முடியாது என்று இவர் காலையிலேயே ஒரு கொக்கி போட்டுவைத்திருந்தார். ஆனால் குளிக்கும்போது, தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தபோது, தனக்குள்ளேயே வேறொரு பந்தயமும் கட்டியாகிவிட்டது. இந்தப் பிழையை யாரிடமும் கேட்காமல் நானே கண்டுபிடித்துவிட்டால் என் மண்டையில் ஒரு கோளாறும் இல்லை, டாக்டரிடம் போகவேண்டியதும் இல்லை. கண்டுபிடிக்காவிட்டால் போகிறேன். நியாயமான பந்தயம் என்றுதான் ஈரத்தலையோடு தோன்றியது.

"என்ன சார், பாண்டா வந்துச்சா? இல்ல இன்னும் மூங்கில் காட்டுலயே மேயுதா?"

பக்கத்து மேஜை இமானுவேல். முப்பத்தைந்து வயசிருக்கும், இரட்டைக் குழந்தைகளுக்கு அப்பன், எப்போதும் தூங்காத கண். கேலி செய்யாமல் அவனால் ஒரு கேள்வி கேட்க முடியாது.

"வரும், வரும். நீ உன் வேலையப் பாரு."

"பார்த்துட்டுதான் இருக்கேன். ஃபர்ஹானாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன சார்? அடிப்படைப் பெட்டிய செஞ்சு குடுக்கறதே அவங்க டீம்தானே."

"கேட்டா, எங்க பக்கம் சரியா இருக்கு சார்னு சொல்லும். அதுக்கு எதுக்குக் கேக்கணும்?"

இமானுவேல் சிரித்துக்கொண்டே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். நல்லவேளை. கேட்கக்கூடாது என்பதுதானே பந்தயம். கேட்டால் தோற்றதாகிவிடும். தணிகாசலம் மறுபடி திரைக்குத் திரும்பினார். முதல் சந்தேகம் அறையைத் திறந்து உள்ளே போகிற வரியின் மேல். கண்டெய்னர் கட்டுகிறபோது ஒவ்வொரு வரியும் புதிதாகத் தூங்கி எழுகிற மாதிரி. முந்தின வரியில் நீ எந்த அறைக்குள் நின்றாய் என்பது அடுத்த வரிக்குத் தெரியாது. டிஸ்க்கில் எழுதி வைத்தது மட்டும்தான் தங்கும், மற்றதெல்லாம் வரியோடு போச்சு. புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது விழுகிற குழி இது. அறைக்குள் போய்விட்டேன் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் சாமானை இறக்குவார்கள், அது கூடத்தில் போய் இறங்கியிருக்கும். அவர் விழவில்லை. அறையின் முழு முகவரியையும் ஒவ்வொரு வரியிலும் எழுதியிருந்தார். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று ஒருமுறை பார்த்தார். பிறகு இன்னொரு முறை. பிறகு, ஏற்கெனவே பார்த்தாயிற்றே, எதற்கு மறுபடி பார்க்கிறேன் என்று தோன்ற, விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சந்தேகத்தில் பார்ப்பது வேறு, மறந்து பார்ப்பது வேறு. இது சந்தேகம். சந்தேகம்தான். அப்பா பல் விளக்கியதும் இப்படித்தான். அரக்கோணம் வீட்டில், ஒரே காலையில் மூன்று தரம் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவார், ஈறு ரத்தம் கசிகிறவரை. விளக்கியாச்சுப்பா என்றால், நான் எப்படா விளக்கினேன் என்று ஒரு பார்வை பார்ப்பார். கோபமே இல்லாத பார்வை. நீதான் பாவம் குழம்பிப் போயிருக்கிறாய் என்கிற பார்வை. விளக்கியாயிற்று என்று வாய் சொல்கிறது, பிரஷ் ஈரமாக இருக்கிறது, பல்லில் பற்பசை மணக்கிறது, ஆனால் அவருக்குள் அந்தச் சாமான் இல்லை. பாண்டாஸ் என்ற பெயரில் எதுவும் இல்லை. சே, இது என்ன ஒப்பீடு. வேலையைப் பார்.

பழைய படிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளாதே, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய் என்று கட்டளை கொடுத்து, பெட்டி கட்டுகிற வேலையை, அதாவது பில்டை, ஓடவிட்டார். மாறாத படிகளை எந்திரம் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு திரும்பச் செய்யாமல் தாண்டிப்போகும். அந்த ஞாபகத்தில் ஏதாவது அழுகல் இருந்தால்? எனவே ஞாபகத்தைத் துடைத்துவிட்டு. வரிகள் திரையில் ஊர்ந்தன. பேக்கேஜ்கள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மழைநாளில் பேருந்து ஜன்னலில் துளிகள் வழிவதைப் பார்ப்பதுபோல, ஒன்றும் செய்யாமல் ஏதோ செய்வதாக ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்குள்தான் அது வந்தது, வரவேண்டாம் என்று காலையிலிருந்து அவர் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த ஞாபகம். போன மாதம் பூரணியின் அத்தை மகன் வீட்டு வரவேற்பு. வளசரவாக்கத்தில் ஒரு மண்டபம். மாப்பிள்ளையின் அப்பாவிடம் கைகுலுக்கி இவர் ஒரு ஜோக் சொன்னார். இனிமே டிவி ரிமோட்டை உங்க மருமககிட்ட குடுத்துட்டு நிம்மதியா பேப்பர் படிங்க என்று ஏதோ, பெரிய ஜோக் இல்லை, அந்த மனுஷர் வயிறு குலுங்கச் சிரித்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் திரும்பும்போது அவரை மறுபடி பார்த்தார். கைகுலுக்கி அதே ஜோக்கைச் சொன்னார். அந்த மனுஷர் மறுபடியும் சிரித்தார், ஆனால் ஒரு கணம் தாமதித்துச் சிரித்தார். அந்தத் தாமதத்தைத் தணிகாசலம் கவனித்தார். ஏன் தாமதிக்கிறார், ஜோக் புரியவில்லையா என்றுதான் நினைத்தார். பூரணி பக்கத்தில் நின்றிருந்தாள், புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். காரில் வரும்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை. கிண்டியைத் தாண்டினபோது, வேளச்சேரி வந்தபோது, வீட்டுப் பூட்டைத் திறந்தபோது, சொல்லவே இல்லை. மறுநாள் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்டாள், நேத்து அவர்கிட்ட ரெண்டாவது தரம் போய்ப் பேசினது ஞாபகம் இருக்கா. இரண்டாவது தரம் என்றால்? எனக்கு ஒரு தரம்தான் இருக்கிறது. கை கழுவிவிட்டு வந்து சொன்னது. முதல் தரம் என்று நான் இப்போது நினைத்துக்கொள்வதுகூட அவள் சொல்லித் தெரிந்ததுதானே. வயிறு குலுங்கச் சிரித்தார் என்றேனே, அதை நான் பார்த்தேனா, அவள் சொல்லிக் கேட்டேனா?

பில்ட் நின்றது. நிறுவியாயிற்று. கீழே, இல்லை.

அவர் மேஜையை உள்ளங்கையால் அடித்தார். சத்தம் பெரிதாகக் கேட்டுவிட்டது. எதிர் வரிசையில் யாரோ தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தாழ்த்திக்கொண்டார்கள். ஐம்பத்து மூன்று வயசில் மேஜையைத் தட்டுகிற ஆள். வீட்டிலும் தட்டினார், டாக்டர் பெயரை அவள் சொன்ன அன்றைக்கு. நான் பேத்திக்கிட்டா இருக்கேன், சட்டை பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டா நிக்கிறேன், இத்தனை பெரிய நிரலை ஒரு ஆளா எழுதுறவனுக்கு மூளை சரியில்லைன்னு சொல்றியா என்று கத்தினார். அவள் குரலை உயர்த்தவில்லை. மாமாவும் கடைசி வரைக்கும் குறுக்கெழுத்து போட்டார்ங்க என்றாள். அதற்குத்தான் தட்டினார். ஆமாம், போட்டார். ஞாயிற்றுக்கிழமைத் தாளின் குறுக்கெழுத்தை அப்பா ஒரு கட்டம் விடாமல் போடுவார், நான் யாரென்று தெரியாமல் போன பிறகும்கூட ஏழெழுத்தில் கடல்வாழ் உயிரினம் தெரியும். பேனாவால் போடுவார், பென்சிலால் அல்ல. அடித்தல் திருத்தல் இருக்காது. அதைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம், அப்பாவுக்கு ஒன்றுமில்லை, சும்மா வயசு என்று. அப்படியானால் இந்தப் பந்தயம்? பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் மண்டை சரியாக இருக்கிறது என்று எந்தக் கணக்கில் எழுதினாய்? புதிர் விடுவிக்கிற இடம் வேறு, நேற்று நடந்ததை வைத்துக்கொள்கிற இடம் வேறு என்று உனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் குளியலறையில் நின்று கட்டினேன். ஜெயிக்கக்கூடிய பந்தயத்தைத்தானே எவனும் கட்டுவான்.

கைபேசி அதிர்ந்தது. பூரணி.

"கிளம்பிட்டேன். வழியில டிராஃபிக். நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்டீங்க?"

அவருக்குச் சுரீரென்றது. "என்ன, பரீட்சையா? தயிர்சாதமும் உருளைக்கிழங்கும். நீதானே கட்டிக் குடுத்தே."

"சும்மாதாங்க கேட்டேன்." ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே தொடர்ந்தாள். "நீங்க இறங்கி வராட்டியும் நான் கீழே உட்கார்ந்திருக்கேன். வேலை முடிச்சே வாங்க. டாக்டரம்மா லேட்டானாலும் பார்ப்பாங்களாம்."

"நான் வர்றதா இன்னும் சொல்லலியே."

"சொல்லலதான்," என்றாள். "வச்சிடறேன், இவர் வழி கேக்கறார்."

சும்மா கேட்டாளாம். முப்பது வருஷமாகச் சாப்பிட்டீங்களா என்று கேட்டு வைத்துவிடுகிறவள், இந்த ஒரு மாசமாக என்ன சாப்பிட்டீங்க என்று கேட்கிறாள். சாவி எங்கே வச்சீங்க. யார் போன் பண்ணினா. நேத்து என்ன சீரியல்ல. கேள்வி ஒவ்வொன்றும் பழைய கேள்வியின் புடவையைக் கட்டிக்கொண்டு வருகிறது, உள்ளே இருப்பது வேறு ஆள். இவரும் பதிலைத் தயார் செய்து வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார், அதுதான் கேவலம். மதியம் டப்பாவைத் திறந்தவுடன் தயிர்சாதம், உருளைக்கிழங்கு என்று மனசுக்குள் இருமுறை சொல்லிக்கொண்டார். எதற்கு? கேட்பாள் என்று. சொல்லிக்கொண்டதால்தான் ஞாபகம் இருந்ததா, சொல்லிக்கொள்ளாமலே இருந்திருக்குமா? இனி அதை எப்படிச் சோதிப்பது? உருளைக்கிழங்கின் ருசி இருக்கிறதா நாக்கில் என்று தேடினார். காரம் இருந்தது. பெருங்காயம் இருந்ததோ? தண்ணீர் குடித்தார். சதுப்பு நிலத்தில் ஒரு வெள்ளைப் பறவை நின்ற இடத்திலேயே நின்றது, அது பறவைதானா, பிளாஸ்டிக் பையா.

சரி. கடைசியாக ஒன்று. இத்தனை நேரம் ஏன் இதைச் செய்யவில்லை? ஆத்திரம், வேறென்ன. நடுவில் ஏதோ நடந்திருக்கிறது என்றால் நடுவில் போய் நின்று பார்க்க வேண்டும். நிறுவுகிற வரிக்கு அடுத்தாற்போல் ஒரு வரி சேர்த்தார்: அறைக்குள் என்னென்ன இருக்கிறது, சொல். நிரலை உள்ளே கொண்டுவருகிற வரிக்கு அடுத்தாற்போல் அதே கேள்வியை இன்னொரு முறை சேர்த்தார். ஓடவிட்டார். விரல் நகத்தைக் கடித்தார், வருஷக்கணக்காக விட்டிருந்த பழக்கம். முதல் கேள்விக்குப் பதில் வந்தது, பாண்டாஸ் முதற்கொண்டு எல்லாம் இருக்கிறது, வரிசையாக, லட்சணமாக. இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்தது. அறை இருந்தது. அறையில் வேறு யாருடைய சாமான்களோ இருந்தன. அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். வேறு யாருடையது? பழைய பதிப்புகள், பெட்டிக்குள் இல்லாத ஒரு பைதானைத் தேடுகிற அம்புக்குறி, இது... இது என்னுடையது. என் மடிக்கணினியில் இருக்கிற அறை இது. உடம்பெல்லாம் ஒரு இளஞ்சூடு பரவியது. நிரலை உள்ளே கொண்டுவா என்கிற வரி, இந்தக் கோப்புறையில் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு வா என்றுதானே எழுதப்பட்டிருக்கிறது. நிரல் இருக்கிற அதே கோப்புறைக்குள் அவருடைய சொந்த வென்வும் கிடக்கிறது. அதே பெயர். அள்ளும்போது அதையும் அள்ளிக்கொண்டு வந்து, புதிதாகக் கட்டி, புதிதாகச் சாமான் இறக்கிய அறையின் மேல் அப்படியே போட்டு மூடியிருக்கிறது. அந்த அறையில் இருக்கிற பாண்டாஸ் மடிக்கணினியின் பைதானுக்குத்தான் தெரியும், பெட்டியின் பைதானுக்குத் தெரியாது. நிறுவியாயிற்று, உண்மை. இல்லை, அதுவும் உண்மை. எந்திரம் பொய் சொல்லவில்லை. நான் தூக்கிக்கொண்டு வந்த பழைய வீடு புது வீட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்! வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. கண்டுபிடித்தேன். யாரையும் கேட்கவில்லை. பூரணி, வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போ, போகிற வழியில் எங்காவது இறங்கி நாம் இரண்டு பேரும் ஃபலூடா சாப்பிடுவோம்.

ஆனால் இப்படி நடக்கக்கூடாது என்பதற்குத்தானே தடுப்பு இருக்கிறது. எதையெல்லாம் பெட்டிக்குள் அள்ளக்கூடாது என்று எழுதி வைக்கிற சின்னக் கோப்பு ஒன்று, ஒவ்வொரு திட்டத்திலும் உண்டு. வென்வை அள்ளாதே என்பது அதில் எழுதுகிற முதல் விஷயம். அந்தக் கோப்பைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு எழுத்துகூட இல்லை. காலி செய்திருக்கிறார்கள். வந்த சிரிப்பு அப்படியே கோபமாகத் திரும்பிற்று, கோபம் சுகமாக இருந்தது, காலையிலிருந்து தன் மேல் கொட்டிக்கொண்டிருந்ததை வேறொருத்தன் தலையில் கொட்ட ஒரு தலை கிடைத்துவிட்டது. ஃபர்ஹானா டீமாகத்தான் இருக்கும். சுத்தம் செய்கிறோம், சீராக்குகிறோம் என்று எல்லாத் திட்டத்துக்குள்ளும் கையை விட்டுக் கலக்குகிறவர்கள். ஒரு நாள். என் ஒரு முழு நாள். அது மட்டுமா, ஒரு மனுஷன் தன் புத்தியையே சந்தேகப்பட்டு, பொண்டாட்டியிடம் சோத்துக்குக் கணக்குச் சொல்லி...

"இமானுவேல்!"

இமானுவேல் காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினான். "என்ன சார், பாண்டா கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சு. இங்க வா, வந்து பாரு. என் லேப்டாப்ல இருக்கிற வென்வ் உள்ளே போயி, கட்டினதை மூடிருக்கு. அள்ளாதேன்னு சொல்ற ஃபைல் மொத்தமும் காலி. எந்த முட்டாப்பய இதைத் துடைச்சு வச்சான்னு தெரியணும் எனக்கு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்க்காம விடமாட்டேன்."

இமானுவேல் நாற்காலியோடு உருண்டு வந்து திரையைப் பார்த்தான். பிறகு இவர் முகத்தைப் பார்த்தான். கேலிக்கு இவர் ஏதோ சொல்கிறார் என்று நினைத்த மாதிரி உதட்டோரம் லேசாக விரிந்தது. பிறகு நின்றுவிட்டது.

"சார்... அது நீங்கதானே."

"என்ன நான்தானே?"

"போன வாரம். ரத்த வகை அட்டவணை எல்லாம் இருக்கிற ஃபோல்டர் உள்ளே போக மாட்டேங்குதுன்னு உட்கார்ந்திருந்தீங்கல்ல. எந்த வரி தடுக்குதுன்னு தெரியலைன்னா எல்லாத்தையும் எடுத்துரணும், ஓடுதா பார்க்கணும், அப்புறம் ஒவ்வொண்ணா திரும்பப் போட்டா எது தடுத்ததுன்னு தெரிஞ்சிரும்னு சொன்னீங்க. கேன்டீன்ல. பஜ்ஜிய ஆறவிட்டு அரைமணி நேரம் சொன்னீங்க சார். எனக்கே அதுல ஒரு வேலை முடிஞ்சுது."

அவர் மனசுக்குள் தேடினார். கேன்டீன் தெரிந்தது, பஜ்ஜி தெரிந்தது, அங்கே தினமும் பஜ்ஜிதான். எதிரில் இமானுவேலை உட்கார வைத்துப் பார்த்தார், உட்கார்ந்தான். தன்னை உட்கார வைத்தார், உட்கார்ந்தார். வாயைத் திறக்கச் சொன்னால் திறக்கவில்லை. மனசு அந்த வாக்கியங்களைத் தடவிப் பார்த்தது, எடுத்துரணும், ஓடுதா பார்க்கணும், ஒவ்வொண்ணா திரும்பப் போடணும். நல்ல வழி. அவர் என்றால் அப்படித்தான் சொல்லுவார், அதில் ஒரு வார்த்தைகூட வேறு ஆளுடையது இல்லை. ஆனால் சொன்னதாக எங்கேயும் இல்லை. மங்கலாகக்கூட இல்லை. மறந்த விஷயம் என்றால் அது இருந்த இடத்தில் ஒரு பள்ளமாவது இருக்கும், நாக்கு பல் விழுந்த இடத்தைத் தேடிப் போகிற மாதிரி ஒரு இடம். இங்கே பள்ளமும் இல்லை. வழவழவென்று மூடியிருந்தது. ஏசி சத்தம் திடீரென்று மிக அருகில் கேட்டது. ஏதாவது சொல்ல வேண்டும், இவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆமா ஆமா, மறந்தே போச்சுப்பா என்று ஒரு சிரிப்புச் சிரித்தால் தீர்ந்தது. சிரிக்க வாயைத் திறந்தார். இமானுவேல் முந்திக்கொண்டான்.

"இல்ல சார், தப்பு என்மேலதான். திரும்பப் போடறதுக்கு எனக்கு ஞாபகப்படுத்துடா, இப்பல்லாம் எனக்கு நிக்க மாட்டேங்குதுன்னு சொன்னீங்க. நானும் சரி சரின்னு தலையாட்டினேன். அன்னிக்கு ராத்திரி ரெட்டையில ஒருத்திக்குக் காய்ச்சல். சுத்தமா மறந்துட்டேன் சார், ஸாரி."

மறந்துட்டேன். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். தும்மிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்கிற மாதிரி. அவன் மறந்ததில் ஒரு குழந்தையின் காய்ச்சல் இருந்தது, ஒரு ராத்திரி இருந்தது, காரணம் கையோடு இருந்தது. அதனால் அந்த வார்த்தைக்கு எடையே இல்லை. இவருக்கு அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு மாதமாகப் பூரணியோடு நடக்கிற சண்டையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அவரை நாற்காலியோடு பிடித்து வைத்தது அந்த வார்த்தை அல்ல. இப்பல்லாம் எனக்கு நிக்க மாட்டேங்குது. அப்படியா சொன்னேன்? வெளி ஆளிடம், பஜ்ஜித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, பூரணியிடம் ஒப்புக்கொள்ளாததை? காலையில் குளியலறையில் நின்று பந்தயம் கட்டியவனுக்குத் தெரியாது, மேஜையைத் தட்டியவனுக்குத் தெரியாது. போன வாரத்து ஆள் ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் பதறவில்லை, கத்தவில்லை, தன்னால் முடியாது என்று தெரிந்த இடத்தில் பக்கத்து ஆளைப் பிடித்துக்கொண்டு, நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நல்ல வேலைக்காரன். அவனை இவருக்குப் பிடித்திருந்தது. அவனிடம் இன்னும் நிறையக் கேட்கவேண்டும் போலிருந்தது, இன்னும் யார் யாரிடம் என்னென்ன ஒப்படைத்திருக்கிறாய் என்று.

"சார், என்னாச்சு? நான் போடட்டுமா அந்த வரிய?"

"போடு," என்றார். குரல் அவர் எதிர்பார்த்ததைவிடச் சாதாரணமாக வந்தது. "வென்வை மட்டும் முதல்ல போடு. மத்தது ஒவ்வொண்ணா."

இமானுவேல் குனிந்து தட்டினான், ஓடவிட்டான். வரிகள் ஊர்ந்தன. சிவப்பு வரவில்லை. பில்ட் பச்சையாகி நின்றது. "போட்றா!" என்று அவன் இவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினான், பெரியவர் என்பதையும் மறந்து. தணிகாசலம் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயத்தில் ஜெயித்தாயிற்று. மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தார், சாப்பாட்டு டப்பாவை வைத்தார், எழுந்தார்.

"கிளம்பிட்டீங்களா சார்? இவ்வளவு சீக்கிரமா?"

"ம். கீழே வீட்டுக்காரம்மா வருவாங்க." நடந்தவர் நின்று திரும்பினார். "இமானுவேல், நீயும் கூட வாயேன், வாசல் வரைக்கும். அன்னிக்கு கேன்டீன்ல நான் சொன்னேன்ல, அதை அப்படியே அவங்ககிட்ட ஒரு தரம் சொல்லிடு."

"எதை சார்? அந்த ஒவ்வொரு வரியா எடுக்கறதையா?"

"அதை இல்ல," என்றார். "கடைசியா சொன்னதை."